ஆணியில் ஒரே ஒரு துணி

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவர் மனைவிகூட மறந்துபோயிருப்பாள். வண்டி ரிப்பேருக்கு வந்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. அந்தப் பெயர், ‘தாங்கும்’.

பிரேக் கம்பி கடைசி இழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிக் கொடுத்து, "தாங்கும், போங்க" என்பார். டேங்கில் ஓட்டை விழுந்தால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு, "தாங்கும்" என்பார். பெரும்பாலும் தாங்கவும் செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தாங்காமல் போய் யாராவது சண்டைக்கு வந்தால், "இத்தனை நாள் தாங்குச்சே, அது பத்தாதா?" என்று அவர்களையே திருப்பிக் கேட்பார். வாய் இருக்கிறவர் பிழைத்துக்கொண்டார்.

இந்த வைத்தியத்தில் வசமாக மாட்டிக்கொண்டது அவர் மனைவியின் வண்டி. அவள் மலைமேல் இருக்கும் ஊர்களுக்குப் பார்சல் கொண்டுபோகிறவள். பதினோரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்குவது அவளுடைய தினப்படி. வழியில் இருப்பவர்களுக்கெல்லாம் அவள் ‘பார்சல் அக்கா’. அந்த வண்டியில்தான் மூன்று வாரமாக எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது.

செயினை ஓட்டும் தண்டு இன்ஜினைவிட்டு வெளியே தலை நீட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயை உள்ளேயே பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. அது தளர்ந்துவிட்டால் எண்ணெய் கசிந்து செயினில் இறங்கும், செயின் அதைப் பின்சக்கரத்தின்மேல் தெளிக்கும். எண்ணெய் பூசிய டயரோடு வளைவில் வண்டியைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும்.

முதல் வாரம் பசை பூசினார். இரண்டாம் வாரம் சீல் பிதுங்காமல் இருக்க ஒரு தகரத் துண்டை வெட்டி அண்டை கொடுத்தார். புது சீல் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. உதிரிபாகக் கடைக்குப் போகும்போதெல்லாம் அடுத்தவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளைத்தான் வாசிப்பார். வீட்டுக்காரி சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அவளுடைய சீல் ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

"ஊர் வண்டிக்கெல்லாம் புதுசு போடுறீங்க. என் வண்டிக்கு மட்டும் கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டே ஓட்டுறீங்களே?" என்பாள்.

"வீட்டு வண்டிதானே, எங்க ஓடிப்போகப் போகுது?" என்பார். நகைச்சுவை என்று நினைப்பு.

அன்று காலை மூன்றாவது வைத்தியம். கணக்கு வாத்தியாருடைய வண்டியும் அதே வியாதியோடு வந்து பக்கத்தில் நின்றது. வாத்தியார் வண்டி மாடலுக்குப் புது சீல் சனிக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஓடணும், சாயங்காலம் நாலு மணிக்குப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக இரண்டு வண்டிக்கும் ஒரே மருந்து. சீலைக் கழற்றி, அதற்குள் வளையமாக ஓடும் மெல்லிய ஸ்பிரிங்கில் நாலு சுற்றைக் கத்தரித்து, முனைகளை மறுபடி முறுக்கிச் சேர்த்தார். ஸ்பிரிங் சிறுத்ததால் ரப்பர் தண்டை இறுக்கிப் பிடிக்கும். வெளியே சுற்றிலும் பசை. நல்ல வேலைதான், நாலைந்து நாளைக்கு.

பசை ஒட்டவேண்டுமானால் இன்ஜினில் பிசுக்கு இருக்கக் கூடாது. அதனால் டீசலும் தண்ணீரும் அடித்துக் கழுவுவார். கழுவும்போது ஒரு காரியத்தில் மட்டும் அவர் கண்டிப்பு. இன்ஜினுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. உள்ளே சூட்டில் உப்பும் காற்றை அதுதான் வெளியே விடும். அதன் வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடாமல் ஒரு துணியைத் திணித்து அடைப்பார். கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்து எடுத்த துணி. மொத்தம் இரண்டே இரண்டு. கழுவி முடிந்ததும் உருவி, சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். எந்த வண்டியை வெளியே விடும் முன்னும் ஆணியைப் பார்ப்பார். இரண்டும் தொங்கினால் வண்டி போகலாம். இருபது வருஷத்தில் அவர் தாங்கும் என்று சொல்லாத ஒரே விஷயம் அந்தத் துணிதான். மூச்சை அடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், போகப் போக இருப்பதிலேயே பலவீனமான சீலைப் பிடுங்கி வெளியே தள்ளும்.

"முடிஞ்சுதா இல்லையா? பையில ஆஸ்பத்திரிக்குப் போற மருந்து இருக்கு" என்று அவள் தலைக்குமேல் வந்து நின்றாள்.

"பசை காயணும். நாளைக்கு எடுத்துட்டுப் போயேன்."

"நோயாளிகிட்ட நாளைக்கு வாங்கன்னு நான் சொல்லட்டுமா?"

அவர் எழுந்து போய் டம்ளரில் இருந்த டீயைக் குடித்தார். அவள் பைகளைக் கட்டினாள். நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "தாங்கும்ல?" என்று கேட்டாள்.

"தாங்கும், தாங்கும். பார்த்துப் போ."

அவள் போனபிறகு கடையில் அமைதி வந்தது. ரேடியோவைப் போட்டுவிட்டு வாத்தியார் வண்டியை நிதானமாக முடித்தார். சைடு கவரைத் துடைத்து மாட்டினார். வேலை அழகாக வந்திருந்தது. கையைக் கழுவத் திரும்பியவர், வழக்கப்படி ஆணியைப் பார்த்தார்.

ஒரே ஒரு துணிதான் தொங்கியது.

முதலில் கீழே தேடினார். விழுந்திருக்கும். இல்லை. மேஜைக்கு அடியில், வாளிக்குள், தன் சட்டைப் பையில், காலுக்குக் கீழே எல்லாம் பார்த்தார். எங்கும் இல்லை. அப்புறம்தான் யோசித்துப் பார்த்தார். வாத்தியார் வண்டியைப் பதறாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்தோம். அவளுடையதைத்தான் அவசரத்தில், சண்டையில், பாதி வேலையில் எழுந்து டீ குடிக்கப் போய் விட்டோம். எங்கே தப்பு நடந்திருக்கும் என்று சின்னக் குழந்தை சொல்லிவிடும்.

அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். எடுக்கமாட்டாள். ஓட்டும்போது போனை எடுத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று சட்டம் போட்டதே அவர்தான். வீட்டில் அவர் போட்ட சட்டங்களில் அவள் மதித்து நடந்தது அது ஒன்றுதான்.

கடையை அப்படியே திறந்துபோட்டு, கையில் கிடைத்த சாவியை எடுத்தார். வாத்தியாருடைய வண்டி. உதைத்ததும் கிளம்பியது. மூச்சுக்குழாய் அடைத்த இன்ஜின் சமதரையில் ஒன்றும் காட்டாது, மலையேறும்போதுதான் காட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவள் இப்போது ஏறிக்கொண்டிருப்பாள்.

அடிவாரத்துப் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தாமலே கத்தினார். "பார்சல் அக்கா போயாச்சா?"

"இப்பத்தாண்ணே, கால் மணி நேரம் இருக்கும். ஏன், என்னாச்சு?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. மேகம் கீழே இறங்கித் தூறல் போட ஆரம்பித்தது. வேறு நாளாக இருந்தால் நின்று ரசிப்பார். இன்று ஒவ்வொரு துளியும் அவள் போகிற தார்ச் சாலையில்தான் விழுகிறது என்று பட்டது. காய்ந்த சாலையில் எண்ணெய் டயர் கொஞ்சம் எச்சரித்துவிட்டுத்தான் வழுக்கும். நனைந்த சாலையில் அந்த மரியாதையும் கிடையாது.

மூன்றாம் வளைவில் நிறுத்தி, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நாலடி நடந்து போய் மறுபடி போன் போட்டார். மணி மட்டும் அடித்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறப்போனவர், காலடியில் பார்த்தார். தரையில் எண்ணெய்ச் சொட்டுகள். குனிந்து விரலால் தொட்டார். சூடு ஆறவில்லை.

‘இங்கே நிறுத்தியிருக்கிறாள். இப்போதுதான் போயிருக்கிறாள்’ என்று மனசு அலறியது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியை முறுக்கினார். எண்ணெய் வாசனை மூக்கைவிட்டுப் போகவே இல்லை. சூடான இரும்பில் எண்ணெய் பட்டுக் கருகும் வாசனை, அவருக்கு அது தாய்ப்பால் மாதிரிப் பழக்கம். அவள் போன பாதையெல்லாம் அது நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். பயந்தவனுக்கு எல்லாமே சாட்சி சொல்லும்.

ஐந்தாம் வளைவில் வண்டியின் வால் ஒரு முழம் வெளியே போய்த் திரும்பி வந்தது. கால் தானாகத் தரையை ஊன்றியது. பொடிக்கல் என்று முனகிக்கொண்டார். பதறிக்கொண்டு ஓட்டினால் வண்டி கோணல்மாணலாகத்தான் போகும்.

ஆறாம் வளைவில் சாலை ஓரத்துக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. அதற்கும் கீழே, பள்ளத்தில், புதருக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது.

வண்டியை எப்படி நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. அவள் ஹெல்மெட் நீலம். போன பிறந்தநாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. "இதாவது புதுசா வாங்கிக் குடுத்தீங்களே" என்று அவள் சிரித்தது காதில் கேட்டது. செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செருப்பு ஒன்று கழன்று உருண்டது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. முட்கிளையை விலக்கிக் கையை விட்டு இழுத்தார்.

உடைந்த வாளி.

அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் நன்றாகவே அழுதார். ஒரு கடை வழியில்தானே இருந்தது, ஒரு சீல்தானே, உள்ளங்கையில் மூன்று வைக்கலாம், அத்தனை சின்னது. அதை வாங்க நேரமில்லாத பெரிய மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் ஒற்றைச் செருப்போடு ஏறி வந்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதாம் வளைவில் இன்னொரு தடவை வண்டி வழுக்கியது, இந்த முறை சுவர்ப் பக்கம். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பத்தாம் வளைவைத் தாண்டிப் பஸ் நிழற்குடை ஒன்று உண்டு. அதன் சிமெண்ட் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல ஹெல்மெட். அதற்குப் பக்கத்தில் வண்டி, நல்லபிள்ளையாக நின்றது.

"ஏங்க, கடையை யார் பார்க்கிறா?" என்றாள் வாயில் சோற்றோடு. அப்புறம்தான் அவர் கோலத்தைப் பார்த்தாள். "ஐயோ, என்னாச்சு? செருப்பு எங்க? ஏன் இப்படி முள்ளு கீறியிருக்கு?"

அவர் நேராகப் போய் அவள் வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டார். பின் டயரைத் தடவினார். தூறலின் ஈரம்தான், பிசுக்கு இல்லை. மூச்சுக்குழாயின் வாயை விரலால் தொட்டார். திறந்திருந்தது.

"துணி... சிவப்புத் துணி... எங்கயாவது விழுந்துச்சா?"

"அதுவா? அதை நான் கிளம்பும்போதே உருவிட்டேனே. ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தேன். நீங்க பார்க்கலையா?"

"நீயா மாட்டுன?"

"பின்ன? நீங்கதான் டம்ளரைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்களே. இந்த வண்டிக்கு சைடு கவர் இருந்தாத்தானே மறையும்? ரெண்டு வருஷமா மாட்டித் தாங்கன்னு கேட்கிறேன், மாட்டினீங்களா? செக்கச்செவேல்னு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

அவர் அப்படியே மண்டியிட்ட நிலையில் இருந்தார். ஆணியில் தொங்கிய ஒரே துணியை மாட்டியது அவள். அப்படியானால் அவர் மாட்டியது எது? எதுவும் இல்லை. ஒன்றையல்ல, இரண்டையுமே மறந்திருந்தார். சண்டை போட்டு அவசரத்தில் செய்ததையும் மறந்தார், பாட்டுக் கேட்டு நிதானமாகச் செய்ததையும் மறந்தார்.

அவர் திரும்புவதற்குள் அவள் எழுந்து, அவர் ஓட்டிவந்த வண்டியிடம் போயிருந்தாள்.

"ஏங்க." அவள் குரல் மாறியிருந்தது. "இங்க வாங்க. இது என்ன?"

பின்சக்கரம் முழுக்க எண்ணெய். ரிம்மில் வழிந்து, டயரின் ஒரு பக்கம் ஈரக் கறுப்பாகப் பளபளத்தது. நின்ற இடத்தில் அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. செயினை ஒட்டி, அவர் கத்தரித்து முறுக்கிய சீல் பசையோடு சேர்ந்து பாதி பிதுங்கித் தொங்கியது. மூன்றாம் வளைவில் அவர் தொட்ட சூடு அவருடைய வண்டியின் சூடு. வழியெல்லாம் துரத்திய வாசனையும் அவருடையதுதான்.

சைடு கவரைக் கழற்றினார். உள்ளே குழாயின் வாயில் சிவப்புத் துணி பத்திரமாக இருந்தது. உருவினார். இன்ஜின் வெகுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சைப் புஸ்ஸென்று விட்டது. அந்தச் சத்தம் கேட்டு அவர் சாலையிலேயே உட்கார்ந்தார். ஐந்தாம் வளைவு. ஒன்பதாம் வளைவு. அப்புறம் நாலு மணி. முன்னால் வாத்தியார், பின்னால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையோடு அந்தப் பெண். துணி இரண்டும் ஆணியில் இருந்திருந்தால் அவர் இந்த வண்டியை எடுத்திருக்கவே மாட்டார் என்பது சரி. ஆனால் அவள் பார்த்து உருவாமல் அந்தத் துணி அவள் வண்டியோடேயே போயிருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அவள் அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள்.

அப்புறம் டப்பாவை மூடினாள். மருந்துப் பையை எடுத்தாள். "ஆஸ்பத்திரி இன்னும் ரெண்டு கிலோமீட்டர். குடுத்தே ஆகணும்" என்றாள். தன் வண்டிச் சாவியை எடுத்து, போடாமல் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. "இது தாங்கும்ல?"

காலையில் கேட்ட அதே கேள்வி. மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, டயரில் எண்ணெய் இல்லை, இரண்டே கிலோமீட்டர். தாங்கும்தான், அநேகமாக. ஆனால் உள்ளே இருப்பது அதே கத்தரித்த ஸ்பிரிங், அதே காயாத பசை, அதே கை. அவர் வாயைத் திறந்தார். இருபது வருஷமாகக் கேட்டவருக்கெல்லாம் வாரி வழங்கிய அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். "சரி, நடப்போம். என் செருப்பைப் போட்டுக்கோங்க, நான் வெறுங்காலுக்குப் பழகினவ."

அவர் செருப்பை வாங்கவில்லை. கனமான பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். சிவப்புத் துணி இன்னும் கைக்குள் சுருண்டிருந்தது. பதினோராம் வளைவில் அவர் போன் அடித்தது. கணக்கு வாத்தியார்.

"என்னண்ணே, வேலை முடிஞ்சுதா? நாலு மணிக்குப் பொண்ணோட வந்துடறேன். தாங்கும்ல?"

அவர் நின்றார். முன்னால் போனவளும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தாங்காது சார்" என்றார். "இன்னிக்கு ரெண்டு பேரும் பஸ்ல போயிடுங்க. சீல் வரட்டும்."

மறுமுனையில் வாத்தியார் சந்தேகத்தோடு கேட்டார்.

"ஹலோ, யார் பேசறது?"